மலையிலிருந்து இறங்கி வந்த பன்னிரண்டு சிகார்கள்

கேள்வி இதுதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒருவர், எப்போதாவது சிகார் பிடிப்பவர். ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மூத்தவருக்கும் இதே பித்து, அதனால் இருவருக்கும் பழக்கம், இவர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார். போன வாரம் அந்த அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்து ஜீப் டிரைவரிடம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். உள்ளே பன்னிரண்டு சிகார்கள், ஒவ்வொன்றும் ஒரு ரகம், கூடவே ‘நிதானமா பிடிங்க’ என்று ஒரு துண்டுச் சீட்டு. இது ஏப்ரல் மாதம், வீட்டில் ஹியூமிடார், அதாவது சிகாரை ஈரப்பதம் குறையாமல் வைக்கும் பெட்டி, கிடையாது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா, இரண்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறதே அது என்ன, எதை முதலில் பிடிப்பது, பதிலுக்கு என்ன அனுப்புவது என்று கேட்டிருக்கிறார்.

பதில் மரியாதை பற்றிய கவலை அப்புறம். இந்த டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்துக்கு ஒரே நாளில் இறங்கி வந்திருக்கிறது, அதுவும் ஏப்ரலில். சிகாரைப் பொறுத்தவரை இது ஊர் மாறியது மட்டும் இல்லை, பருவமே மாறிவிட்டது. ஏற்காட்டில் சிகாருக்கு எதிரி பூஞ்சை. பனியும் மூட்டமுமாக மாதக்கணக்கில் ஈரம் இறங்காத ஊர் அது. சேலத்தில் எதிரி வண்டு. உங்கள் கையில் இருக்கும் டின்னில் இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

வெள்ளைப் படிவம் பற்றி ஒரு பழைய கதை சுற்றிக்கொண்டே இருக்கும். நன்றாக முதிர்ந்த சிகாரில் எண்ணெய் கசிந்து வெளியே வந்து பொடியாகப் பூக்கும், அது தரத்தின் அடையாளம் என்பார்கள். விற்கிறவர்களுக்கு இது வசதியான கதை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அநேகமாகக் கிடைத்தது பூஞ்சைதான். ஆகவே பூஞ்சை என்றே வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள், பயப்படவும் வேண்டாம். மேல் இலையில் மட்டும் லேசாக இருந்தால், காய்ந்த மெல்லிய துணியால் ஒரே பக்கமாகத் துடைத்துவிடலாம், வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள். பற்றவைக்கிற திறந்த முனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே, உள் இலைகளின் நடுவே, வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் அந்தச் சிகாரை வைத்துக்கொள்ளாதீர்கள், யார் கொடுத்ததாக இருந்தாலும் சரி. துடைத்த இரண்டையும் கொஞ்ச நாள் மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள்.

இனி வண்டு. புகையிலை வண்டின் அறிவியல் பெயர் லேசியோடெர்மா செரிகார்னே, செம்பழுப்பு நிறம், 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இது உங்களுக்குப் புதிய ஆள் இல்லை. மல்லித்தூள், மிளகாய், மஞ்சள் என்று அடுக்களை டப்பாக்களில் வந்து அம்மாக்களை எரிச்சலூட்டுகிற அதே பூச்சி. முட்டை இலையிலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குளிர்ச்சியாக இருக்கும் வரை அது பெரும்பாலும் சும்மா கிடக்கும், சூடு ஏற ஏற வேகமாகப் பொரிக்கத் தொடங்கும். சேதம் செய்வது புழுதான், வண்டு வெளியே வரும்போது ஊசி குத்தியதுபோல் ஒரு ஓட்டை விட்டுப் போகும். ஏற்காட்டு அண்ணன் வீட்டு அலமாரியில் அந்த முட்டைகள் சும்மா கிடந்திருக்கலாம், அவர் ஒன்றும் கவனிக்காமல் இருந்தார் என்று அர்த்தம் இல்லை, அந்தக் குளிரில் அவருக்கு அது தெரியவே தெரியாது. சேலத்து ஏப்ரலில், வீட்டுக்குள்ளேயே 33, 34 என்று நிற்கும்போது, அவை விழித்துக்கொண்டால் ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் பரவ அதிக நாள் ஆகாது.

அதனால் ஃப்ரிட்ஜ் கேள்விக்கு என் பதில்: கீழ்த்தட்டில் வைத்துப் பாதுகாக்க வேண்டாம், ஆனால் மேலே உள்ள ஃப்ரீசரை ஒருமுறை பயன்படுத்துங்கள். சிகார்களை ஜிப் உறையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, அதை இன்னொரு ஜிப் உறைக்குள் போட்டு, ஃப்ரீசரில் மூன்று நாள் விடுங்கள். மைனஸ் 18 டிகிரி வந்தால் போதும், வீட்டு ஃப்ரீசர்கள் பெரும்பாலும் வரும், ஆனால் அடிக்கடி கதவு திறக்கிற வீடாக இருந்தால் கூட ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், கரண்ட் போய்ப் போய் வரும் வாரமாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு வெளியே ஒரு நாள். இந்த மூன்று கட்டத்திலும் உறையைப் பிரிக்கக் கூடாது, இதுதான் முக்கியம். குளிர்ந்த பொருளின் மேல் வியர்க்கும் நீர் உறையின் வெளிப்பக்கம் படியட்டும், இலையின் மேல் படியக் கூடாது. நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசையில் போட்டால் மேல் இலை வெடித்துவிடும். ‘இப்படி உறையவைத்தால் ருசி போகாதா’ என்று கேட்பீர்கள். கியூபாவிலேயே ஏற்றுமதிக்கு முன் இப்படி உறையவைக்கிறார்கள், அதனால் அந்தக் கவலையை விடுங்கள்.

கீழ்த்தட்டில் நிரந்தரமாக வைக்க வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம். இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பனி கட்டாமல் இருக்க உள்ளே உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மூடாமல் வைத்தால் சிகார் சருகாகிவிடும். இன்னொன்று, புகையிலை இலை பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நேற்றைய மீன் குழம்பு, பெருங்காயம், நறுக்கிவைத்த வெங்காயம் எல்லாம் சிகாரில் ஏறும். அதே காரணத்தால் பீரோவில் பாச்சை உருண்டை இருந்தால் அங்கேயும் வேண்டாம், சாமி அலமாரிப் பக்கமும் வேண்டாம், கற்பூரமும் சாம்பிராணியும் நல்ல வாசனைதான் என்றாலும் ஹவானா இலையோடு அவை சேராது.

சரி, எங்கேதான் வைப்பது? ஹியூமிடார் வாங்கலாமா என்று கேட்டால், பன்னிரண்டு சிகாருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். மலிவான மரப்பெட்டிகள் பெரும்பாலும் சரியாக மூடுவதில்லை, சேலத்து வறண்ட பிற்பகல் காற்றில் அந்தப் பெட்டிக்கு நீர் ஊற்றுவதே வேலையாகிவிடும். நாலு பக்கமும் க்ளிப் போட்டு மூடுகிற, ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். புதிதாக இருக்கட்டும், ஊறுகாய் இருந்ததைக் கழுவி எடுக்காதீர்கள். அதற்குள் இருபுறமும் வேலை செய்யும் ஈரப்பத உறை ஒன்று, போவெடா மாதிரி. ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும், உள்ளே இருப்பது உப்புக் கரைசல்தான். 60 கிராம் உறை ஒன்று 25 சிகாருக்கு என்பது கணக்கு, உங்களுக்கு ஒன்றே தாராளம். எத்தனை சதவீத ஈரம் என்ற எண் உறைமேல் இருக்கும், எந்த எண் வாங்குவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 70 சதவீத ஈரம், 21 டிகிரி என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர் நாட்டு வீட்டுக்கு. சூட்டில் பூஞ்சை வேகமாக வளரும், அதனால் 32 டிகிரி வீட்டில் 70 என்பது அதிகம், பூஞ்சைக்கு வரவேற்பு வைத்ததுபோல் ஆகும். சேலத்துக்கு 62 அல்லது 65 வாங்குங்கள். பஞ்சில் தண்ணீர் நனைத்து வைக்கும் பழைய முறைக்குப் போகாதீர்கள், போவதானால் மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர்தான், போர் தண்ணீர் ஆகவே ஆகாது.

ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டரும் போட்டுவையுங்கள், ஆனால் அது காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, சில சொட்டு நீர் விட்டு, கரையாமல் ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, மீட்டரோடு ஒரு ஜிப் உறைக்குள் வைத்து மூடுங்கள். எட்டு மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். இயற்பியல் ஆசிரியர் யாராவது வீட்டில் இருந்தால் ரசிப்பார்.

டப்பாவுக்குள் ஸ்பானிஷ் சிடார் பலகைத் துண்டு ஒன்று போட்டால் நல்லது, கட்டாயம் இல்லை. பெயர்தான் சிடார், செட்ரேலா ஓடோராட்டா என்ற அந்த மரம் உண்மையில் வேம்பின் குடும்பம். நம் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சந்தன வேம்பு அதன் நெருங்கிய சொந்தம், ஒரு காலத்தில் அதையும் செட்ரேலா என்றே வகைப்படுத்தியிருந்தார்கள், சிகார்ப் பெட்டி செய்யவும் பயன்பட்டிருக்கிறது. உங்கள் அண்ணன் தோட்டத்தில் விழுந்த கிளை இருந்தால் ஒரு துண்டு இழைத்து, நன்றாகக் காயவைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் மனிதர் குஷியாகிவிடுவார் என்று நினைக்கிறேன்.

டப்பாவை வீட்டின் உள் அறையில், தரையோடு, வெயில் விழும் சுவரை ஒட்டாமல் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் சேலத்தில் அடுப்புதான். இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, நடுவே சின்னப் பானை இறக்கி, அதற்குள் டப்பாவை வைத்து ஈரச்சாக்கால் மூடலாம். சேலத்துக் காற்று காய்ந்திருப்பதால் நீர் வேகமாக ஆவியாகும், உள்ளே சில டிகிரி நிச்சயம் இறங்கும். டப்பா காற்றுப் புகாததாக இருந்தால் இந்த ஈரம் சிகாரைத் தொடாது. கார் டேஷ்போர்டில் மட்டும் ஐந்து நிமிடம்கூட வைக்காதீர்கள்.

பயணம் செய்த சிகாரை உடனே பிடிக்கக் கூடாது, இரண்டு மூன்று வாரம் டப்பாவில் ஓய்வு கொடுங்கள். ஏதாவது காய்ந்திருந்தாலும் அவசரமாக ஈரம் ஏற்றாதீர்கள். மேல் இலை, கட்டு இலை, உள் இலை மூன்றும் ஒரே வேகத்தில் விரிவதில்லை, உள்ளே இருப்பது வீங்கினால் மேலே இருப்பது கிழியும். செலஃபேன் உறையைக் கழற்ற வேண்டியதில்லை, அதன் வழியே ஈரம் போய் வரும். உறை நிறம் மாறாமல் பளிச்சென்று இருக்கிறதா, தேன் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்தச் சிகார் அண்ணனிடம் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது, இலையின் எண்ணெயும் நிறமும் உறையில் ஏறியிருக்கின்றன. பன்னிரண்டில் அவை எத்தனை என்று எண்ணுங்கள். விலைப்பட்டியலைப் பார்த்து இந்தப் பரிசை மதிப்பிடாதீர்கள், பணம் இருந்தால் யாரும் புதுப் பெட்டி வாங்கலாம், பல வருடம் தொடாமல் வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பதுதான் கஷ்டம்.

மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டையோடு கொஹிபா என்ற பெயரில் ஒரு சிகார் இருப்பதாகச் சொல்லி, அது அசல்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். கொஹிபா 1966-இல் கியூபாவில் தொடங்கியது, முதலில் காஸ்ட்ரோவுக்கும் அரசு விருந்தினர்களுக்கும் மட்டும், 1982-க்குப் பிறகே பொது விற்பனை. டொமினிக்கன் குடியரசில் செய்து அமெரிக்காவில் விற்கும் இன்னொரு கொஹிபாவும் உண்டு, அதன் அடையாளம் பெயரில் உள்ள ஓ எழுத்துக்குள் சிவப்புப் புள்ளி. அது போலி இல்லை, வேறு கம்பெனி. கியூபாவுடையதில் பட்டையிலேயே ஹபானா, கியூபா என்று இருக்கும். பெட்டி இருந்தால் அடியில் தொழிற்சாலைக் குறியீடும், எந்த மாதம் எந்த வருடம் பெட்டியிட்டார்கள் என்பதும் முத்திரையாக இருக்கும், தனிச் சிகாரில் அதெல்லாம் பார்க்க வழியில்லை. கண்ணாடி மூடி போட்ட கொஹிபாப் பெட்டியை யாராவது மலிவாகக் காட்டினால் நம்பாதீர்கள். ஆனால் அண்ணன் கொடுத்ததை லென்ஸ் வைத்துச் சோதிப்பது எனக்கென்னவோ நன்றாகப் படவில்லை. ருசியாக இருந்தால் போதும்.

எதை முதலில் என்றால், கொஹிபாவைத் தொடாதீர்கள். வெளிர் பழுப்பு மேல் இலை உள்ளதிலிருந்து ஆரம்பியுங்கள், கனெக்டிகட் வகை என்பார்கள், நிழலில் வளர்த்த இலை, சாதுவானது. கருப்பட்டி நிறத்தில் இருக்கும் மடூரோக்களைக் கடைசிக்கு வையுங்கள். நிறம் கறுப்பாக இருந்தாலே காரம் என்று நினைத்துவிட வேண்டாம், மடூரோ நீண்ட நொதிப்பில் கறுத்தது, பல சமயம் இனிப்பாகவே இருக்கும். காரம் உள் இலையில் எவ்வளவு லிகேரோ, அதாவது செடியின் உச்சி இலை, இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் வயிற்றில் வேண்டாம். தலை சுற்றி, வியர்த்து, குமட்டினால் சிகாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டு வெல்லம் வாயில் போடுங்கள். மூடிய முனையில் 2 மில்லிமீட்டர் போல நறுக்கினால் போதும், பல்லால் கடிக்க வேண்டாம். பெட்ரோல் லைட்டர் வாடை ஏறும், கேஸ் லைட்டரோ தீக்குச்சியோ நல்லது. புகையை உள்ளே இழுக்கக் கூடாது, நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. உள்ளே இழுக்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலைகூட இருக்கும், வாய்ப் புற்றுநோய்க்கு இழுத்தாயா இல்லையா என்ற கணக்கெல்லாம் கிடையாது. பன்னிரண்டு சிகார் ஒரு வருடத்துக்கு மேலேயே வரட்டும். அண்ணனும் சீட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறார்.

கடைசியாகப் பதில் மரியாதை. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் இப்படி அறிவிப்பில்லாமல் அனுப்புவதை ‘பாம்’ போடுவது என்பார்கள். வாங்கியவர் பதிலுக்கு அதைவிடப் பெரிதாகப் போடுவார், அவர் அதைவிடப் பெரிதாக, இப்படியே போய் மொய் நோட்டுக் கணக்காக முடியும். நீங்கள் அதற்குள் போகாதீர்கள். அதே விலைக்குச் சிகார் வாங்கி அனுப்புவது கடனை அடைத்ததுபோல் தெரியும், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிச் சாம்பல் கிண்ணம் அடித்துக் கொடுப்பதெல்லாம் அவரைச் சங்கடப்படுத்தும். வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் பார்சல் அனுப்பச் சொல்லலாமா என்றால் அதுவும் வேண்டாம், 2019 டிசம்பரிலிருந்து தபாலிலும் கூரியரிலும் தீர்வை கட்டாமல் பரிசுப் பொருள் வரவழைப்பதை ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர நிறுத்திவிட்டார்கள். நேரில் வருபவர் 25 சிகார் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம்.

நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, பிஸ்கட் டின்னுக்கும் அது பொருந்தும். காபித் தோட்டக்காரருக்குக் காபி அனுப்பாதீர்கள். மே மாதம் மல்கோவாவோ இமாம் பசந்தோ இறங்கட்டும், நல்லதாக ஒரு கூடை மேலே போகட்டும். டின்னுக்குள் உறையூர்ச் சுருட்டு ஒரு கட்டு வையுங்கள். முனியப்பனுக்குப் படைக்கிற சுருட்டுதானே என்று இளக்காரம் வேண்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிச் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரை போனது, இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்தது. இரண்டு முனையும் திறந்திருக்கும், நறுக்கும் வேலை இல்லை, நேரடியான காரம். ஊர் ஊராகச் சிகார் தேடுகிற பலர் இதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை, உங்கள் அண்ணனும் அந்த வகையாக இருந்தால் அவர் அலமாரியில் இல்லாத ஒன்றை நீங்கள் கொடுத்ததாக ஆகும்.

இன்றைக்கே ஒரு போன் பண்ணிவிடுங்கள், மெசேஜ் வேண்டாம். வந்தது, பிரித்தேன், இன்னின்ன சிகார் எந்த வருடத்தது என்று கேளுங்கள். இந்தப் பித்து உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி கிடையாது, ஒரு மணி நேரம் பேசுவார். வெள்ளை பூத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் பெட்டியில் மீதி இருப்பவற்றுக்கு அது உதவும். அப்படியே, கொஹிபாவும் செலஃபேன் பழுத்தவையும் கோடை முடியும் வரை உங்கள் அலமாரியிலேயே ஒரு மூலையில் இருக்கட்டுமா அண்ணா, நான் மேலே வந்து உங்களோடு உட்கார்ந்து பிடிக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். திருப்பித் தருவதாக அவருக்குப் படக் கூடாது, கேட்கிற விதத்தில் இருக்கிறது. மலைக்கும் உங்கள் வீட்டுக்கும் 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்.

போனால் தோட்டத்து வாசலில் உட்கார்ந்து பிடியுங்கள். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் மாதிரி ஜனம் வருகிற இடங்களில் புகைப்பது சட்டப்படியும் தப்பு, குழந்தைகள் வேறு இருப்பார்கள். சிகாரை நசுக்கி அணைக்க வேண்டாம், நாறும், விட்டால் தானே அணையும் என்பது சரிதான். ஆனால் கோடையில் மலையில் சருகு காய்ந்து கிடக்கும், தீப்பிடிக்க ஒரு பொறி போதும், அதனால் அடிக்கட்டையை ஒரு தகர டப்பாத் தண்ணீரில் போட்டுவிட்டே எழுந்திருங்கள்.